வலிக்காத காய்ப்பும் ஜெல் சோலும்

கேள்வி: எனக்கு வயது 56. ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நின்றபடியே இருக்க வேண்டும். 14 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே தடிப்பாகக் காய்த்திருக்கிறது. வலி இல்லை, ஆனால் பாதம் மரத்த மாதிரி இருக்கிறது. ஜெல் சோல் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

மருத்துவர் பதில்: இப்போது வாங்காதீர்கள் அம்மா. முதலில் பாதத்தைக் காட்டுங்கள். 'வலி இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். சர்க்கரையால் நரம்பு பாதித்துவிட்டால், காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணானாலும் தெரியாது.

உங்கள் பழைய செருப்பைத் திருப்பாமல் மேல்பக்கம் பாருங்கள். காய்ப்புக்கு நேராக ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்து, குழி விழுந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. பாதத்தை அச்செடுத்துச் செய்யும் உள்சோல் அந்தப் பாரத்தை உள்ளங்கால் முழுக்கப் பரப்பிவிடும். கடையில் கிடைக்கும் ஜெல் சோல் மெத்தென்று இருக்கும், ஆனால் உங்கள் பாதத்தின் வடிவத்துக்குச் செய்ததல்ல.

நம் ஊரில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் தெரியும், மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்வது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களைக் காக்க எடுத்த முயற்சிகளோடு சேர்ந்து வளர்ந்தது அது. சர்க்கரையால் மரத்த பாதத்துக்கும் அதே வழி பொருந்தும்.

டாக்டர் ஒரு நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார், நாடித்துடிப்பையும் பார்ப்பார். இதில் பழகியவர்தான் காய்ப்பைச் சீவி எடுக்க வேண்டும். அது இருக்கும்வரை செருப்புக்குள் கல் கிடப்பது போலத்தான். வீட்டில் பிளேடு வேண்டாம், கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். அடியில் புண் இருந்தால் உள்சோல் மட்டும் போதாது, மாவுக்கட்டு மாதிரி ஏதாவது தேவைப்படலாம்.

உள்சோலை இப்போதைய இறுக்கமான ஷூவுக்குள் திணித்தால் பாதம் மேலே ஏறி விரல்கள் உரசும். ஆழமான ஷூ, அல்லது பின்பக்கம் வார் உள்ள செருப்பு வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் சீக்கிரம் மறையாவிட்டால் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். அப்புறம் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நாளடைவில் சோல் அமுங்கிவிடும், அப்போது மாற்றியாக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் போட்டே நடங்கள். கடைக்குள் செருப்பு கூடாது என்றால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி முதலாளியிடம் கொடுங்கள். இதற்குத் தயங்கவே கூடாது. தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். காய்ப்பில் கறுப்பு, நீர் கசிவு, அல்லது பாதம் சூடாகி வீங்குவது தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வலிக்காவிட்டாலும்.

போகும்போது அந்தப் பழைய செருப்பையும் எடுத்துப் போங்கள். டாக்டர் அதைப் பார்க்க வேண்டும்.