சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், டீச்சர்

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவந்தேன். இந்த முறை மூன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது. மற்ற ஆசிரியைகள் வகுப்பறையை அலங்கரித்து வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். ஆண்டு முழுமைக்கும் பாடக்குறிப்பு, ஒர்க்‌ஷீட், சார்ட் எல்லாம் ஒரே தொகுப்பாகத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாங்காதீர்கள்.

அந்தத் தொகுப்பு எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். யாரோ ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்காக எழுதியதை நல்ல மனசோடு ஒரு குழுவில் இலவசமாகப் போடுவார். இன்னொருவர் அதை எடுத்து, பெயரை அழித்து, பொம்மை போட்ட அட்டை ஒன்றைச் சேர்த்து விற்பார். நானும் ஒருமுறை ஏமாந்தவன். பிரித்துப் பார்த்தால் மூன்றாம் பாடத்தின் தலைப்பில் வேறொரு பள்ளியின் பெயர் அப்படியே இருக்கிறது. பாதிப் பாடம் பழைய புத்தகத்தினுடையது. பணம் வாங்கும்வரை மணிக்கொரு தரம் ஒலித்த போன், பிறகு எடுக்கப்படவே இல்லை.

‘அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் இதைத்தான் கேட்பார்கள்’ என்று விற்கிறவர்கள் பயமுறுத்துவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்களில் பலர் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு வரி படிக்கச் சொல்வதில்லை. இந்த வியாபாரமே அதை நம்பித்தான் நடக்கிறது. உங்கள் குறிப்பை நீங்களே எழுதுங்கள், ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் தருகிறோம் என்று வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அலங்காரத்துக்கு வருவோம். 2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு அறிவியல் பாடங்கள் நடத்தினார்கள். பாதிப் பாடங்கள் சுவர் நிறைய படம் ஒட்டிய அறையில், மீதி வெறும் சுவர் உள்ள அறையில். படம் ஒட்டிய அறையில் பிள்ளைகளின் கவனம் நேரத்தில் சுமார் 39 சதவீதம் வேறெங்கோ போயிருந்தது. வெறும் சுவரில் 28 சதவீதம். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்கு வந்த சரியான விடைகள் முறையே 42, 55 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் கடைசி பெஞ்சுப் பையன் உங்களை விட்டுவிட்டுப் பட்டாம்பூச்சி சார்ட்டை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அன்றைய வேலை அட்டவணை, எண்கோடு, இவை போதும். மீதிச் சுவரைப் பிள்ளைகளின் வேலைக்கு விட்டுவையுங்கள்.

உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என்ன தெரியும்? நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றும், கணக்குப் போடுவதும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதும்தான் அதிகம் அடிபடுகின்றன என்றும் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நம் பாடத்திட்ட நாள்காட்டியோ திறந்த அன்றே முதல் பாடம் என்கிறது. அதை வகுத்தவர் கடைசியாக ஏழு வயதுப் பிள்ளையோடு எப்போது பேசினாரோ! திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, முதல் இரண்டு வாரத்தைக் கண்டுபிடிப்பதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் தேர்வு வைக்கவேண்டாம், ஒவ்வொருவராக அருகில் கூப்பிடுங்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், ஆறாம் வகுப்புப் பழக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையைத் தொடாதீர்கள். ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேளுங்கள். ‘ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன்’ என்பாள். பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்கவேண்டும் என்று யாரோ சொன்னதை அவள் மிகுந்த கவனத்தோடு பின்பற்றியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும் உதிரிக் குச்சியும்தான்; ஒரு கட்டைப் பிரித்தால் ஏழு போகும் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

படிப்பதிலும் இப்படி ஏமாறுவோம். பழைய பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்டால் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். மனப்பாடம். கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிதான் பொறுக்கிறோம். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே காட்டிவிட்டார்.

போன ஆண்டு ஆசிரியர் ‘இவன் மந்தம், இவள் வாயாடி’ என்று ஒரு பட்டியலை நீட்டுவார். வாங்கி அலமாரியில் பூட்டிவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன்: உடல்நிலை பற்றிய குறிப்பு. யாருக்கு வலிப்பு, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எந்த உணவு ஒவ்வாது, யார் கண்ணாடி போடவேண்டியவர் என்பதைப் பள்ளி திறப்பதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ‘ஃபைலில் இருக்கிறது’ என்பார்கள். வலிப்பு வரும்போது ஃபைல் ஓடிவராது. இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்பது உங்களுக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் தெரிந்திருக்கவேண்டும். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். குறிப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை விடும் பிள்ளையைக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். தானாக வந்து சொல்லாது.

இந்தப் பத்து நாளில் ஒருநாள் காலை, வெயில் வந்தபின் உங்கள் வகுப்பறைக்குப் போய்க் கடைசி வரிசையில், பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் உட்காருங்கள். பலகையில் நீங்களே எழுதிவைத்த வரியைப் படித்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பாதிப் பலகை பளபளத்தால் பெஞ்சுகளைத் திருப்பிப் போடுங்கள். ஆள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தனியாக இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.