கதவடைத்த உலைக்களத்தில் வரும் தலைவலி

கேள்வி: எனக்கு 46 வயது. பனிக்காலம் நீண்டிருக்கும் ஊரில் வசிக்கிறேன். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் சிறிய கரி உலை அமைத்து, ஓய்வு நாட்களில் கத்தி, கொக்கி போன்றவற்றை அடித்துச் செய்கிறேன். வெளியே பனி கொட்டும்போது குளிர் தாங்காமல் கதவையும் சன்னலையும் அடைத்துவிடுவேன். இரண்டு மணி நேரத்தில் நெற்றி கனத்துத் தலைவலி வருகிறது. சில நாட்களில் குமட்டலும் உண்டு. வெளியே வந்து நின்றால் குறைகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது. கொட்டகைப் பக்கமே வராத என் மனைவியும் சென்ற வாரம் தலைவலி என்றார். இது குளிரால் வருவதா? மேலும், சுத்தியல் பிடிக்கும் கையில் இரண்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. சூடு பட்டால் வாசலில் கிடக்கும் பனியை அள்ளி வைத்துக்கொள்கிறேன், அது சரியா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். கீழே சொல்லும் ஏற்பாடுகளைச் செய்து முடிக்கும்வரை அந்த உலையை மூட்டாதீர்கள். உலை எரியும் வேளையில் தொடங்கி, வெளிக்காற்று பட்டதும் தணிகிற தலைவலிக்குக் குளிரைக் காரணமாகச் சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உங்கள் இரத்தத்தில் ஏறுகிறது என்றே கருத வேண்டும். கொட்டகைக்குள் கால் வைக்காத உங்கள் மனைவிக்கும் தலைவலி வந்திருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. ஒட்டியிருக்கும் சுவரின் இடுக்குகள் வழியாகவும் கதவடி வழியாகவும் வாயு வீட்டுக்குள் செல்கிறது என்பதை அது உணர்த்துகிறது. வீட்டில் கர்ப்பிணியோ, குழந்தைகளோ, இதய நோயாளியோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

கரி அடுக்கின் மேல் தவழும் மெல்லிய நீலச் சுடரை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அது கார்பன் மோனாக்சைடு எரிகிற சுடர். உலையின் அடியில் உண்டாகும் கரியமில வாயு, கனன்று கொண்டிருக்கும் கரியின் ஊடே மேலேறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேற்பரப்பில் போதிய காற்றும் வெப்பமும் இருந்தால் அது எரிந்து தீர்ந்துவிடும், இல்லையென்றால் எரியாமலே அறைக்குள் பரவும். ஆகவே துருத்தியை நிறுத்திவிட்டுச் சற்று ஓய்வெடுக்கும் நேரமும், வேலை முடிந்து கனலை அப்படியே மூடி வைத்துவிட்டு உறங்கச் செல்லும் இரவும் மிகுந்த எச்சரிக்கைக்கு உரியவை. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கண்ணைக் கரிக்கவில்லை என்பதால் காற்று நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆக்ஸிமீட்டர் 98 காட்டியது உங்களுக்கு நிம்மதி தந்திருக்கிறது. அந்த நிம்மதிதான் எனக்கு அச்சம் தருகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன், இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபினையும் சாதாரண ஆக்ஸிமீட்டரால் பிரித்தறிய இயலாது. எனவே மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வரும்போதும் அது நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையை அறிய, இரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். புகைபிடிக்காதவர்களுக்கு இது பொதுவாக 3 சதவீதத்துக்குள் இருக்கும். புகைபிடிப்பவர்களுக்கு 10 சதவீதம் வரை போகலாம். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது சுமார் நான்கைந்து மணி நேரத்தில் இந்த அளவு பாதியாகிவிடும் என்பதால், மறுநாள் காலையில் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். இனி எப்போதாவது இத்தகைய தலைவலி வந்தால், உடனே எல்லோரும் வெளியேறி, அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் சென்று, உலை எரிந்துகொண்டிருந்ததைச் சொல்லுங்கள். வாகனத்தை நீங்கள் ஓட்ட வேண்டாம். மயக்கம், குழப்பம், நெஞ்சுவலி, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். அங்கே முகமூடி வழியே தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் வாயு வெளியேறும் வேகம் பல மடங்கு கூடும். கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களில் சிலருக்கு, தேறிய பிறகு நாட்களோ வாரங்களோ கழித்து மறதியும் மனநிலை மாற்றமும் தலைகாட்டுவதுண்டு. உங்கள் இருவருக்கும் அப்படி எதுவும் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இனி ஏற்பாடுகள். உலைக்கு நேர் மேலேயோ பக்கவாட்டிலோ வாயுவை இழுத்துக்கொள்ளும் மூடாக்கும், கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அகலமான புகைபோக்கியும் கட்டாயம் வேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர ஒரு திறப்பும் இருக்க வேண்டும். அதை அடைத்துவிட்டு மின்விசிறியால் காற்றை வெளியேற்றினால், விசிறியே புகைபோக்கி வழியாக வாயுவைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். பனிக்காலத்தில் புகைபோக்கியின் வாயையும் திறப்பையும் பனி மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளியே சென்று பாருங்கள். குளிர்ந்த புகைபோக்கிக்குள் கனத்த காற்று தங்கியிருப்பதால், முதலில் அதன் அடியில் சிறிது காகிதத்தை எரித்துச் சூடாக்கிய பிறகே கரியைப் பற்றவைப்பது நல்லது.

கொட்டகையில் மூச்சு விடும் உயரத்தில் ஒன்றும், படுக்கையறை அருகே ஒன்றுமாக இரண்டு கார்பன் மோனாக்சைடு அலாரங்கள் வையுங்கள். வீட்டு அலாரங்களில் பல, 70 பி.பி.எம். அளவு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் ஒலிக்கும். உடலுழைப்பில் வேகமாக மூச்சு வாங்குகிறவருக்கு அது நீண்ட நேரம். ஆகவே அளவை எண்ணில் காட்டும் கருவியையே வாங்கி, எண் ஏறத் தொடங்கியதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். குளிரை ஆடையால் சமாளிக்கலாம்: கம்பளியும் பருத்தியும் நல்லவை, செயற்கை இழைத் துணி தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

(வேலை செய்த அன்று இரவில் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வாயில் உலோகச் சுவையும் வந்தால் அது வேறு சங்கதி: துத்தநாகம் பூசிய இரும்பைச் சுட்டதால் வரும் புகைக் காய்ச்சல். அத்தகைய இரும்பை உலையில் இடவே வேண்டாம்.)

விரல்கள் வெளுப்பது, குளிரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இறுகுவதால். அரவை இயந்திரத்தின் அதிர்வும் புகைப்பழக்கமும் இதை மோசமாக்கும். 40 வயதுக்குப் பின் முதன்முறையாக, அதுவும் ஒரே கையில் வருவதால், மருத்துவர் ஒருவர் கையைப் பரிசோதித்து, தேவையான இரத்தப் பரிசோதனைகளையும் செய்வது அவசியம். மரத்த விரலை உலையருகே நீட்டிச் சூடேற்றாதீர்கள், வெந்தாலும் தெரியாது. அதே காரணத்தால், சிவப்பு மறைந்து கறுத்த இரும்பை மரத்த கையால் தொடுவதும் ஆபத்து, ஏனெனில் அந்த நிலையிலும் அது 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கக்கூடும். வீட்டுக்குள் வந்து வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, உணர்வு முழுதும் திரும்பிய பிறகே சுத்தியலை எடுங்கள்.

சுட்ட இடத்தில் பனியை வைக்காதீர்கள். வெந்த தோல் உறைகுளிரால் மேலும் பாதிக்கப்படும். மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு, குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். புண் உள்ளங்கையிலோ மூட்டின் மேலோ இருந்தாலும், தோல் வெண்மையாகி வலியே தெரியாமல் போனாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.