பல வருஷம் பூசிய க்ரீம் திடீரென்று ஏன் அரிக்கிறது?

"ஐந்து வருஷமாக இதே க்ரீம்தான். இப்போது மட்டும் ஏன் முகம் சிவந்து அரிக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். இது தொடு ஒவ்வாமையாக இருக்கலாம். தோலில் பட்ட ஒரு பொருளை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரி என்று தவறாக முடிவு செய்துவிடுவதுதான் அது.

தெருக் காவலாளி ஒருவர், தினமும் போய்வரும் அப்பாவி ஒருவரைத் திருடன் என்று மனதில் பதித்துக்கொள்கிறார். அப்புறம் அவர் எப்போது வந்தாலும் விசில்தான்! தோலில் அந்தக் காவலாளி வேலையைச் செய்பவை டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். அவை ஒரு பொருளை எதிரியாகப் பதிவு செய்ய வாரங்களும் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். பதிந்த பிறகு, அது பட்ட 1 முதல் 3 நாளில் அரிப்பு கிளம்பும். இந்தத் தாமதத்தால்தான் முந்தாநாள் பூசியதை மறந்துவிட்டு, நேற்று சாப்பிட்ட கத்தரிக்காயைத் திட்டுகிறோம்.

பெரும்பாலும் குற்றவாளி வாசனைப் பொருள் அல்லது கெடாமல் காக்கும் ரசாயனம். அதில் ஒன்றான மெத்தில்ஐசோதயாசோலினோனை, கழுவாமல் விடும் க்ரீம்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, தோல் மருத்துவர் சந்தேகப்படும் பொருள்களை வைத்த பட்டைகளை முதுகில் 2 நாள் ஒட்டிப் பார்ப்பார் (பேட்ச் டெஸ்ட்).

சரி, 'இயற்கையானது' என்று எழுதியிருந்தால் பயமில்லையா? அப்படி இல்லை. லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்களும் ஒவ்வாமை தரும், காற்றுப்பட்டுப் பழசானால் இன்னும் அதிகமாக.