பேய்க்கு மேக்கப் வேண்டாம், மைக் எடுங்கள்

கேள்வி: சார், நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பேய்ப்படம் எடுக்கிறோம். கையில் 2 லட்சம் இருக்கிறது. கேமரா நண்பனுடையது, பூட்டிக் கிடக்கிற தாத்தா வீடுதான் லொகேஷன். பேய் மேக்கப்புக்கு மட்டும் 60,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. பேயைக் காட்டின அடுத்த நொடியே பார்ப்பவருக்குப் பாதி பயம் போய்விடும். ஓரென் பெலி என்ற இயக்குநர் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற அமெரிக்கப் பேய்ப்படத்தைச் சுமார் 15,000 டாலரில், தன் சொந்த வீட்டிலேயே, ஒரு வாரத்தில் எடுத்தார். அதில் பேய்க்கென்று தனி உருவம் கிடையாது, தானாக அசைகிற கதவும் படிக்கட்டில் கேட்கிற சத்தமும்தான் ஆளைக் கலங்கடிக்கும்.

அந்த 60,000-ல் பாதியைச் சத்தத்துக்கு ஒதுக்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனம் பொறுத்துக்கொள்ளும், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். நல்ல ஷாட்கன் மைக்கும் (நீட்டிய பக்கத்துச் சத்தத்தை மட்டும் பெரும்பாலும் பிடிக்கிற நீள மைக்) ரெக்கார்டரும் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு அறையிலும் ஃபேனை நிறுத்தி, எல்லோரையும் மூச்சுக் காட்டாமல் நிற்கவைத்து, ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் கைகொடுக்கும். எலும்பு முறிகிற சத்தம் வேண்டுமா, முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி மைக் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பாருங்கள். கொலுசு மட்டும் வேண்டாம், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அப்புறம், சோழவந்தானில் இருந்துகொண்டு வெற்றிலைக் கொடிக்காலை எப்படி விட்டீர்கள்? அகத்தியில் கொடி ஏறி, நடுவே ஓர் ஆள் மட்டும் நுழைகிற சந்து, பகலிலேயே அரையிருட்டு, காலடியில் ஈரம். உரியவரிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். நடுராத்திரியில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை, ஏற்றி எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். பொழுது சாய்ந்ததும் கொஞ்ச நேரம் வானம் நீலமாக நிற்கும் பாருங்கள், அதில் எடுங்கள், இரவு என்றே நம்புவார்கள். ட்யூப்லைட் எரிகிற அறையில் ஷட்டர் வேகம் 1/50 நொடியில் இருக்கட்டும், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மாறினால் படத்தில் பட்டை ஓடும்.

மிச்சக் காசு சாப்பாட்டுக்கு. சம்பளம் இல்லாமல் விடிய விடிய லைட் பிடிக்கிற பையனுக்கு 2 மணிக்குச் சூடான இட்லியும் சுக்குக் காபியும் கொடுத்தே ஆகவேண்டும்.

கேள்வி: கீழக்குயில்குடி சமணர் மலையில் சத்தமில்லாமல் போய் இரண்டு காட்சி எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, நாகமலை

பதில்: வேண்டாம் அம்மா. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற மலை, அனுமதி இல்லாமல் படப்பிடிப்பு கூடாது. அனுமதியே கிடைத்தாலும், ஆயிரம் வருஷமாக அமைதியாக உட்கார்ந்திருக்கிற தீர்த்தங்கரர் சிலைகளைப் பேய்க்குப் பின்னணியாக வைக்க எனக்கு மனசு வராது. அடைத்துப் போட்ட பம்புசெட் ரூம் பக்கத்துத் தோட்டங்களில் கிடைக்கும், தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், சாவியே கொடுத்துவிடுவார்.