கடை அலமாரியும் திரை நாயகனும்

கேள்வி: என் மகள் ஒரு துணிக்கடையில் 'விஷுவல் மெர்ச்சண்டைசர்' பணியில் சேர்ந்திருக்கிறாள். திரைப்பட நிறுவனங்களும் மெர்ச்சண்டைசிங் மூலம் பெரும்பணம் ஈட்டுவதாகப் படிக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கடையில் நடப்பது சரக்கின் இடம், அளவு, விலை, பருவம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் வேலை. எந்தத் துணி எத்தனை அளவுகளில் வரவேண்டும், எது கண்மட்டத்தில் இருக்கவேண்டும், விற்காமல் தேங்கியதை எப்போது தள்ளுபடிக்குக் கொண்டுவரவேண்டும் என்பவையெல்லாம் அதில் அடங்கும். உங்கள் மகள் பொறுப்பேற்றிருப்பது அதன் கண்ணுக்குத் தெரியும் பகுதி, அதாவது சரக்கைக் கவரும்படி காட்சிக்கு வைப்பது. அதை வெறும் அலங்காரம் என்று யாரும் குறைத்து எண்ணக்கூடாது.

திரைத்துறையில் விற்கப்படுவதோ உரிமை. படநிறுவனம் பெரும்பாலும் பொம்மையைத் தானே செய்வதில்லை. கதாபாத்திரத்தின் உருவத்தையும் பெயரையும் பயன்படுத்தும் அனுமதியை ஒரு தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு, விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாகப் பெறுகிறது. வால்ட் டிஸ்னி 1932-இல் கே கேமன் என்ற விளம்பர வல்லுநரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டே இங்கர்சால் நிறுவனத்தின் மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் சந்தைக்கு வந்து, பொருளாதார மந்தக் காலத்திலும் அமோகமாக விற்றது.

'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கதை இன்னும் வியப்பானது. ஜார்ஜ் லூகாஸ் தம் இயக்குநர் சம்பளத்தை உயர்த்திக் கேட்பதற்குப் பதிலாக, தொடர்ச்சிப் படங்களுக்கும் வணிகப் பொருள்களுக்குமான உரிமைகளைக் கேட்டார். டுவெண்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனமும் அவற்றின் மதிப்பை உணராமல் இசைந்தது. 1977 மே மாதம் வெளியான படம் பெருவெற்றி பெற்றபோது, பொம்மை செய்யும் உரிமம் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே, பின்னர் அஞ்சலில் பொம்மைகளைப் பெறுவதற்கான சான்றிதழை ஓர் அட்டை உறையில் வைத்து விற்றது. அதையும் பெற்றோர் வாங்கிச் சென்றார்கள்! நம் ஊர்ப் படைப்பாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகளின் கடையில் மிக்கி படம் போட்ட டி-ஷர்ட் தொங்கினால், இரண்டு துறைகளும் அங்கே சந்திக்கின்றன. அதில் உரிமம் பெற்றதற்கான அடையாளச் சீட்டு இருக்கிறதா என்று அவர் கவனிப்பது நல்லது. அனுமதியின்றி அச்சிட்டதைத் தயாரிப்பது மட்டுமன்றி, விற்பதும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி மீறலே ஆகும்.