இரண்டாவது பிள்ளை: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 33 வயது. மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வேலை, சம்பளம் 12,000 ரூபாய். கணவர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். நல்ல மாதத்தில் 18,000, மழை மாதத்தில் 8,000. வீட்டுக்கடன் தவணை 7,000. 50,000 ரூபாய் சீட்டுக்கு மாதம் 2,500. இன்னும் 10 மாதம் இருக்கிறது, எடுக்கவில்லை. வீட்டுச் செலவு 14,000. மகளுக்கு 4 வயது. மாமியார் இன்னொரு பிள்ளை வேண்டும் என்கிறார். கடன் முடிய 6 வருடம் ஆகும். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: மாமியாரின் ஆசையை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் ஆசையை எழுதவில்லை. முதலில் நீங்களும் கணவரும் அதைப் பேசி முடியுங்கள். இருவருக்கும் வேண்டும் என்றால் கடன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போது உங்களுக்கு 39 ஆகியிருக்கும். 35-க்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

பிள்ளையின் காலேஜ் செலவு வரை இப்போதே கணக்குப் போட்டால் யாருக்கும் தைரியம் வராது. உங்கள் வீட்டுக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: உங்கள் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடும்?

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், தேவையான நாட்கள் வேலை பார்த்திருக்கும் பட்சத்தில், இரண்டாவது பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான பணம் வரும். அதற்கு மேல் ஒரு வருடம் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைப்போம். சீட்டு அதற்குள் முடிந்திருக்கும். நல்ல மாதத்தில் 3,000 துண்டு விழும். மழை மாதத்தில் 13,000. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பாலும் குறையும். ஆகவே 5 மாதத்தை மோசமான மாதமாகவே எடுங்கள். மொத்தப் பற்றாக்குறை 86,000.

சீட்டுப் பணம் 50,000 இருக்கிறது. அதை இப்போதே எடுத்து வேறு எதிலும் போட்டுவிடாதீர்கள், கடைசி வரை விடுங்கள். இருவரும் சம்பாதிக்கும் இந்த வருடத்தில், நீங்கள் தந்த கணக்குப்படி, ஏறக்குறைய 33,000 மிச்சமாக வேண்டும். மிச்சமாகவில்லையென்றால் எங்கே போகிறது என்று தேடுங்கள். நகைக்கடன் வட்டியாக இருக்கலாம். சீட்டுப் பணமும் இந்த மிச்சமும் சேர்ந்தால் அப்புறம் 3,000தான் குறைகிறது. தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு, 14,000 ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும். கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். பிரசவத்தைக் குழித்துறையிலோ ஆசாரிப்பள்ளத்திலோ அரசு மருத்துவமனையில் வைத்துக்கொண்டால் பெரிய செலவு ஒன்று குறையும்.

கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. வேலைக்குத் திரும்பும்போது கைக்குழந்தையை யார் பார்ப்பது? மாமியார் பார்ப்பார் என்றால் சம்பளமில்லாத வருடம் ஆறு மாதமாகச் சுருங்கும். பிள்ளை வேண்டும் என்று கேட்பவரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை. அவருக்கு உடம்பு முடியுமா, காலையில் பால் வெட்டப் போகும் மகனுக்குச் சமைத்துக்கொண்டே பிள்ளையையும் பார்க்க முடியுமா என்று கணவரையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். பதில் தெரிந்த பிறகு மாதக் கணக்கைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பாருங்கள்.