அமெரிக்கப் பல்கலைக்கழக ராக்கெட்பால் லீக்கில் சேர நினைக்கிறேன், ஷட்டில் மட்டும்தான் ஆடத் தெரியும். என்னென்ன விதிகள் தெரிந்திருக்க வேண்டும்?

கேட்ட தம்பி நாகர்கோவில் பக்கம் பொறியியல் முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் போகிறாராம். இங்கே இன்டோர் ஷட்டில் ஆடிப் பழக்கம். போகிற பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான பொழுதுபோக்கு லீக்கில் ராக்கெட்பாலும் இருக்கிறது, பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். நானும் மார்த்தாண்டத்துக்காரன்தான், அமெரிக்காவில் படித்த காலத்தில் இந்த லீக்கில் ஆடிவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். ராக்கெட்பால் என்பது நான்கு சுவரும் கூரையும் உள்ள கோர்ட்டில், முன்சுவரை நோக்கிப் பந்தை மட்டையால் மாறி மாறி அடிக்கிற ஆட்டம். தாராளமாகப் பெயர் கொடுங்கள். ஷட்டில் ஆடிய கைக்கு இது சீக்கிரம் வசப்படும். கால்தான் கொஞ்சம் தகராறு செய்யும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. விதி என்றால் இரண்டு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைக் கவனிக்கிற யுஎஸ்ஏ ராக்கெட்பால் அமைப்பின் விதிப்புத்தகம் ஒன்று, உங்கள் பல்கலைக்கழக ரெக் சென்டர் (மாணவர்களுக்கான விளையாட்டு, உடற்பயிற்சிக் கூடம்) அந்த செமஸ்டருக்குப் போடுகிற லீக் விதித்தாள் இன்னொன்று. இரண்டும் முட்டிக்கொண்டால் லீக் தாள் சொல்வதுதான் செல்லும். எத்தனை பாயிண்ட் ஆட்டம், நேரக்கெடு உண்டா, எவ்வளவு தாமதமாகப் போனால் தோற்றதாக எழுதுவார்கள், ஸ்கோரை யார் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறாக இருக்கும், அதை அந்தத் தாளில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான லீக்கில் நடுவர் இருக்க மாட்டார். ஆடுகிற இரண்டு பேரும்தான் நடுவர்.

கோர்ட் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். பின்சுவர் மட்டும் குறைந்தது 12 அடி இருந்தால் போதும். நம்ம ஷட்டில் கோர்ட் 44 அடிக்கு 20 அடி, ஆக ஏறக்குறைய அதே இடம்தான். ஆனால் அங்கே வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள். இங்கே வலையே கிடையாது, இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள், ஒரே பக்கம் முகம் பார்த்து, தோளோடு தோள் உரசுகிற தூரத்தில் ஆடுகிறீர்கள், கையில் மட்டையோடு. இதன் விதிகளில் பாதி அதனால் வந்தவைதான். 1950இல் கனெக்டிகட்டில் ஜோ சோபெக் என்பவர் ஒய்எம்சிஏ ஹேண்ட்பால் கோர்ட்டில் குட்டை மட்டையை வைத்து ஆடத் தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. சுவர், கூரை எல்லாமே ஆட்டத்தில் சேர்ந்தது அந்த ஹேண்ட்பால் கோர்ட்டால்.

மட்டை 22 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, ஷட்டில் மட்டையைவிடக் குட்டை. அதன் அடியில் ஒரு கயிறு இருக்கும், அதை மணிக்கட்டில் மாட்டித்தான் ஆட வேண்டும். வியர்வையில் மட்டை கை நழுவினால் பக்கத்தில் நிற்பவர் பல் போய்விடும், அதனால் இது விருப்பப்பட்டால் மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. கண் பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படியே. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதுவே போதும் என்று நினைப்பார்கள், போதாது. ராக்கெட் விளையாட்டுக்கென்று செய்த பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். பந்து இரண்டேகால் அங்குலம்தான், நல்ல ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 100 மைலைச் சுலபமாகத் தாண்டும். பல ரெக் சென்டர்களில் அடையாள அட்டையைக் கொடுத்தால் மட்டையும் கண்ணாடியும் இரவல் தருவார்கள், வாங்குவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். தரையில் தடம் விழாத ஷூ வேண்டும், உங்கள் ஷட்டில் ஷூவே போதும், பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோர் முறை உங்கள் ஊர் மூத்த ஷட்டில்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 2006க்கு முன் ஷட்டிலில் 15 பாயிண்ட், சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயிண்ட், இல்லையென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும், ஞாபகம் இருக்கிறவர்களைக் கேளுங்கள். ராக்கெட்பாலின் வழக்கமான முறையும் அதேதான். 15 பாயிண்டில் இரண்டு கேம், ஆளுக்கொன்று வென்றால் 11 பாயிண்டில் மூன்றாவது. 14-14 ஆனாலும் அடுத்த பாயிண்டோடு கேம் முடிந்தது, இரண்டு பாயிண்ட் வித்தியாசம் என்பதெல்லாம் இல்லை. மூன்றாவது கேமில் முதல் சர்வை முடிவு செய்கிற உரிமை, முதல் இரண்டு கேமிலும் சேர்த்து அதிகப் பாயிண்ட் எடுத்தவருக்கு, எனவே தோற்கப் போகிற கேமிலும் கையைத் தூக்கிவிடாதீர்கள். சர்வதேசப் போட்டிகளில் இப்போது, சர்வ் யார் போட்டாலும், ஒவ்வொரு ரேலிக்கும் (ஒரு சர்வ் முதல் பந்து நிற்கும் வரை நடக்கிற ஆட்டம்) பாயிண்ட் தருகிற முறை வந்துவிட்டது, 11 பாயிண்டில் ஐந்து கேம், இரண்டு வித்தியாசம் வேண்டும். உங்கள் லீக் எதை வைத்திருக்கிறது என்று முதல் சர்வுக்கு முன்னாலேயே எதிராளியிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வ் போட முன்சுவரிலிருந்து 15 அடியில் ஒரு கோடு, 20 அடியில் ஷார்ட் லைன் என்று இன்னொரு கோடு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பந்தைத் தரையில் ஒரு தடவை தட்டி, எழும்பும்போது அடிக்க வேண்டும். பந்து முதலில் முன்சுவரில்தான் பட வேண்டும், திரும்பி வந்து ஷார்ட் லைனைத் தாண்டித்தான் தரையில் விழ வேண்டும், நடுவில் ஒரு பக்கச் சுவரில் பட்டால் பரவாயில்லை. ஷார்ட் லைனுக்கு முன்னாலேயே விழுந்தால், கூரையில் பட்டால், இரண்டு பக்கச் சுவரிலும் பட்டால், தரையில் விழாமலே பின்சுவருக்குப் போனால் ஃபால்ட். ஒரு ஃபால்ட் மன்னிப்பு, இரண்டாவது ஃபால்ட்டில் சர்வீஸ் போச்சு. ஆனால் சில தவறுகளுக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது: முன்சுவருக்கு முன் வேறெதிலாவது பட்டால், அடிக்கப் போய் பந்தைத் தவறவிட்டால், முன்சுவரும் தரையும் சேருகிற மூலையிலேயே பந்து பட்டால் உடனே சர்வீஸ் கைமாறும். அந்த மூலை விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது வாதாடுவார்கள். பின்சுவரும் தரையும் சேருகிற மூலையில் விழுந்தாலோ அது நல்ல சர்வ், எடுக்கவே முடியாது.

உங்கள் உடம்புக்குப் பக்கத்திலேயே உரசுகிற மாதிரி பந்து போய், எதிராளிக்கு அது கண்ணில் படாமல் போனால் அது ஸ்கிரீன், அதுவும் ஃபால்ட்தான். நடுவர் இல்லாத ஆட்டத்தில் இதைச் சொல்ல வேண்டியவர் சர்வை வாங்கி ஆடுகிற எதிராளி, பார்க்க முடியவில்லை என்று அவர் சொன்னால் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஷார்ட் லைனுக்குப் பின்னால் 5 அடியில் விட்டுவிட்டு வரைந்த ஒரு கோடு இருக்கும். சர்வை வாங்கி ஆடுகிறவர், பந்து தரையில் பட்ட பிறகோ அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகோதான் முன்னால் வரலாம். ஷட்டிலில் ஷார்ட் சர்வுக்குப் பாய்கிற பழக்கம் உள்ளவர்கள் இங்கே கொஞ்சம் அடக்க வேண்டும்.

ரேலி எளிது. பந்து தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் அடிக்க வேண்டும், அடித்த பந்து தரையில் படாமல் முன்சுவரைத் தொட வேண்டும். வழியில் பக்கச் சுவர், பின்சுவர், கூரை எதில் வேண்டுமானாலும் படலாம். இதைத்தான் ஸ்குவாஷ் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களால் நம்ப முடியாது. ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் ஆட்டமெல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள், ஸ்குவாஷில் முன்சுவரின் கீழே ஒரு தகடு, அதற்குக் கீழே அடித்தால் அவுட், கூரையில் பட்டாலும் அவுட். இங்கே தகடு இல்லை, தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் முன்சுவரில் அடித்தால் பந்து உருண்டு வரும், அதற்குப் பதிலே கிடையாது.

சண்டை வருகிற இடமும் அதுதான். அவ்வளவு தாழ்வாக அடித்த பந்து சுவருக்கு முன் தரையைத் தொட்டதா இல்லையா? தொட்டிருந்தால் அதை ஸ்கிப் என்பார்கள். வழக்கம் என்னவென்றால், அடித்தவர்தான் தன் மேல் சொல்ல வேண்டும். ஸ்கிப்பும் சரி, பந்து இரண்டு தடவை தட்டிய பிறகு எடுத்ததும் சரி, அடித்தவர் வாய்தான் தீர்ப்பு. எதிராளி சந்தேகப்பட்டுக் கேட்கலாம், அடித்தவருக்கே உறுதி இல்லையென்றால் அந்த ரேலியைத் திரும்ப ஆடுவது. நம்ம ஊர் ஓணம், பொங்கல் வாலிபால் போட்டியில் ஒரு லைன் பந்துக்கு ஊரே மைதானத்துக்குள் இறங்கித் தீர்ப்புச் சொல்லுமே, அந்த வசதி இங்கே இல்லை. கூட வந்த நண்பன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கத்தினாலும் அவன் பேச்சு எடுபடாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், ஹிண்டர், அதாவது எதிராளி ஆடுவதற்கு இடைஞ்சலாக இருப்பது. மற்ற விதிகளை ஆடும்போதே கற்றுக்கொள்ளலாம், இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். நீங்கள் அடித்த பிறகு எதிராளிக்குப் பந்தைப் பார்க்கவும், பந்திடம் போகவும், மட்டையை முழுசாக வீசவும், முன்சுவருக்கு நேராகவோ குறுக்காகவோ அடிக்கவும் வழிவிட வேண்டியது உங்கள் பொறுப்பு. ஷட்டில்காரன் கால் தகராறு செய்யும் என்றேனே, அது இங்கேதான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு நடுவுக்கு ஓடி வா என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள், வலை இருக்கிற வரை அது சரி. இங்கே உங்கள் பந்து பின்சுவரில் பட்டு நடுவுக்கே வந்தால், எதிராளியும் அங்கேதான் வருவார், நீங்கள் அவருடைய நேர்வழியில் சிலையாக நிற்பீர்கள். அவர் அடிக்க முடியாமல் போனால் அந்த ரேலி உங்களுக்குத் தோல்வி, வேண்டுமென்றே நின்றீர்களா என்பது கேள்வியே இல்லை, நகர்ந்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. யார் மேலும் குறை சொல்ல முடியாத மோதல் என்றால் ரேலியைத் திரும்ப ஆடுவார்கள். முன்சுவருக்குப் போய்க்கொண்டிருந்த பந்து எதிராளி முதுகில் பட்டாலும் பொதுவாகத் திரும்ப ஆடுவதுதான், ஷார்ட்ஸுக்குக் கீழே பட்டால் ஒரு வாரம் வட்டமாகத் தழும்பு இருக்கும், அது தனிக் கணக்கு.

இதன் மறுபக்கம்: மட்டை வீச்சுக்குள் ஆள் இருக்கிறார் என்று தோன்றினால் வீசாதீர்கள், நிறுத்திவிட்டு ஹிண்டர் என்று சத்தமாகச் சொல்லுங்கள். நிறுத்தினால் பாயிண்ட் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், அடிபடாமல் இருக்க நிறுத்தினால் ரேலி திரும்ப ஆடப்படும். நம் பிள்ளைகளுக்கு அங்கே போன புதிதில் இதைச் சொல்லக் கூச்சம், பெரிய உடம்புக்காரன் ஒருவன் நடுவில் நின்றால் சுற்றிக்கொண்டு ஓடிப் போய்ப் பந்தைத் தவறவிட்டுவிட்டு, ரூமுக்கு வந்து புலம்புவார்கள். ஊர்க்காரனோடு ஆடும்போது மட்டும் "லேய் மக்கா, ஒதுங்குலே" என்று வாய் தானாக வரும். அதை அவர்களிடமும் மரியாதையாக, உடனே, அந்த ரேலி முடிவதற்குள் சொல்ல வேண்டும். ரேலி முடிந்து, தோற்ற பிறகு சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

டபுள்ஸ் பற்றி ஒரு வரி. கேம் தொடக்கத்தில் முதலில் சர்வ் போடும் அணியில் ஒருவர் மட்டும்தான் சர்வ் போடலாம், அவர் இழந்தால் சர்வீஸ் கைமாறும், அப்புறம் ஒவ்வொரு அணியிலும் இருவரும் போட்டு முடித்த பிறகுதான் மாறும். இதுவும் பழைய ஷட்டில் டபுள்ஸ் வழக்கம்தான். நான்கு பேர் நான்கு மட்டையோடு அந்தப் பெட்டிக்குள் ஆடுவது, என்னைக் கேட்டால், முதல் செமஸ்டரில் வேண்டாம். மூன்று பேர் சேர்ந்தால் கட்-த்ரோட் ஆடுங்கள், சர்வ் போடுகிறவர் தனி, மற்ற இருவரும் எதிர் அணி, சர்வீஸ் மாற மாற அணியும் மாறும். லீக்கில் இது இருக்காது, பழகுவதற்கு நல்லது.

பெயர் கொடுக்கும்போது பிரிவு கேட்பார்கள், புதியவர்களுக்கானதில் சேருங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். அப்புறம் முதல் மேட்சுக்கு அடையாள அட்டையோடு கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். அங்கே வராதவனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.